துணை நாற்காலி

கோயம்புத்தூரில் ஒரு காலத்தில் சாயங்காலமானால் பாட்டு நடக்கிற இடங்கள் நிறைய இருந்தன. ஓட்டல் மாடிகள், மில் மன்றங்கள், பொருட்காட்சி மேடைகள். அநேகமாக எல்லாவற்றிலும் நான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாடியதில்லை. எனக்குக் குரலும் கிடையாது, தாளமும் கிடையாது. பஜனையில் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினால் என் கை மட்டும் தனியாகக் கேட்கும். என் வேலை உட்கார்ந்திருப்பதுதான். என் தங்கை மெல்லிசைக் குழுவில் பாடினாள். நான் அவளுக்குத் துணை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் குழுவில் பாடுகிற பெண் தனியாக வர மாட்டாள். அம்மாவோ அண்ணனோ புருஷனோ கூட வருவார். வருகிறவருக்கு மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்த ஆள் தெரிய வேண்டும், பாடுகிறவளுக்கும் தெரிய வேண்டும். அப்படி ஒரு இடம் பார்த்து அதைப் போட்ட பிறகுதான் மைக் ஸ்டாண்டை நிறுத்துவார்கள். குழுக்காரர்கள் அதைத் துணை நாற்காலி என்றே சொன்னார்கள். நானும் என் இளமைக்காலத்தின் சாயங்காலங்களை எல்லாம் அதில்தான் கழித்தேன். இரும்பு நாற்காலி, பிரம்பு நாற்காலி, கல்யாண மண்டபத்து மடக்கு நாற்காலி, எல்லாம் என் முதுகுக்குத் தெரியும்.

அந்த நாற்காலிக்கு ஒரு சட்டமும் இருந்தது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எந்தக் குழுவும் மீறியதில்லை. நாற்காலியில் யார் இருக்கிறார்களோ அதைப் பார்த்துத்தான் பாட்டைப் பிரித்துக் கொடுப்பார்கள். அம்மா இருந்தால் பக்திப் பாட்டு, தாலாட்டு, சோகப் பாட்டு. அண்ணன் இருந்தால் அவற்றோடு அடக்கமான டூயட்டும் உண்டு. புருஷன் இருந்தால் எதை வேண்டுமானாலும் பாடலாம். எதை வேண்டுமானாலும் என்றால் கிளப் பாட்டு. சினிமாவில் ஓட்டலில் ஆடுகிறவளுக்கு வைப்பார்களே, அந்த மாதிரிப் பாட்டு. அதில் பாதி மூச்சு, பாதி சிணுங்கல், நடுவில் ஒரு சிரிப்பு வரும். அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கை அதைப் பாடுவது முறையில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

என் தங்கை ஆசைப்பட்டது அந்தப் பாட்டுக்குத்தான். ஆசை உண்டு என்று எனக்கு அப்போதே தெரியும். எவ்வளவு ஆசை என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் அப்பா மில் தொழிலாளி. மில்லின் ஆண்டு விழாவில் என் தங்கை பாடியதைக் கேட்டுவிட்டு, குழு நடத்திக்கொண்டிருந்தவர் எங்கள் வீடு தேடி வந்தார். கோட்டைமேட்டுக்காரர், முஸ்லிம். அக்கார்டியன் வாசிப்பார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டையும் லேசான அத்தர் வாசனையுமாக வந்து உட்கார்ந்து, காபியைக் கீழே வைக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.  பாடட்டும், ஆனால் பையன் கூட வருவான் என்றார் அப்பா. பையன் என்றால் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அப்போது பம்பு செட் பட்டறை ஒன்றில் லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை ஷிப்ட்டு. சாயங்காலம் எனக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று அப்பா நினைத்திருப்பார். நாலு நண்பர்கள் இருந்தார்கள், ஒரு வாலிபால் கோர்ட் இருந்தது. எல்லாம் போச்சு.

முதன்முதலில் போனது ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டல் மாடி. மாடியில் கூரை கிடையாது, தொட்டிகளில் குரோட்டன்ஸ் செடி, சீரியல் பல்பு, நடுவில் மேடை. ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் பஞ்சு வியாபாரிகளும் குடும்பத்தோடு வருகிற டாக்டர்களும் அங்கே உட்கார்ந்து கட்லெட் சாப்பிடுவார்கள். நீலகிரி வண்டி கிளம்புகிற நேரத்தில் கீழே சத்தம் காதைப் பிளக்கும். மாஸ்டர் அதற்குள் ஒரு பாட்டை முடித்து, சத்தம் அடங்கிய பிறகுதான் அடுத்ததை ஆரம்பிப்பார். என் தங்கை அன்றைக்கு மயில் கழுத்துக் கலரில் ஒரு பாவாடை தாவணி.  பாட ஆரம்பித்ததும் கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் சாப்பிடுகிறவன் சாப்பாட்டை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அப்போதே எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை இடம். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஓட்டலின் தரைக்குக் கீழே ஒரு ஹால். வெல்வெட் திரை, ஏசி, மங்கல் வெளிச்சம். அங்கே வருகிறவர்கள் மில் முதலாளிகள், எஸ்டேட்காரர்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எனக்கு ஸ்வெட்டர் வேண்டும். யாரும் கை தட்ட மாட்டார்கள், விரலால் மேஜையைத் தட்டுவார்கள். அதற்கு நேர் எதிர் மில் மனமகிழ் மன்றங்கள். ஒரு பக்கம் கேரம் போர்டு, இன்னொரு பக்கம் ஷட்டில் கோர்ட், கோர்ட்டின் நெட்டைக் கழற்றிவிட்டு அங்கே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்களின் கூந்தலில் பஞ்சு ஒட்டியிருக்கும். பாட்டுப் பிடித்தால் விசில், பிடிக்கவில்லையென்றால் அதுவும் விசில்தான். மில் சங்கு ஊதினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், பாதிப் பேர் வந்து உட்காருவார்கள். பொருட்காட்சி என்றால் புழுதி. ராட்டினத்தின் இரைச்சலும் மிளகாய் பஜ்ஜி வாசமும் தாண்டித்தான் குரல் போக வேண்டும். சோமனூரில் திருவிழாவுக்குப் போனால் அன்றைக்கு மட்டும் தறிச் சத்தம் இருக்காது. அன்னூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் லாரியையே மேடையாக்கியிருந்தார்கள். என் நாற்காலியை லாரியில் ஏற்ற இடமில்லை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் என்னை லாரி டிரைவர் என்று நினைத்துத் தனிப் பந்தியில் சோறு போட்டார்கள்.

எங்கே போனாலும் என்னை அவள் புருஷன் என்றோ டிரைவர் என்றோதான் முதலில் நினைப்பார்கள். நான் விறைப்பாக, தங்கச்சிங்க என்று சொல்வேன். சொன்னதும் அவர்கள் பேச்சில் ஒரு மரியாதை வந்துவிடும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எவனாவது கொஞ்சம் அதிகமாக ஊற்றிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்து வந்தால், நான் எழுந்திருக்கக்கூட வேண்டாம், லேசாகக் கனைத்தால் போதும், திரும்பிப் போய்விடுவான். அந்தக் கனைப்பில் எனக்கு அப்படி ஒரு தேர்ச்சி.

எங்கள் குழுவில் இன்னொரு பெண் குரலும் உண்டு. ட்ரம்ஸ் வாசிப்பவரின் மனைவி. புருஷன் மேடையிலேயே இருப்பதால் அந்த அம்மாவுக்கு நாற்காலியே வேண்டியதில்லை. கிளப் பாட்டு எல்லாம் அவர்களுக்குத்தான். நல்ல மனுஷி, எனக்குத் தனியாக மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் பிசிறு தட்டும். ஒரு தடவை ரேஸ்கோர்ஸ் ஓட்டலில், முன் மேஜையில் இருந்த ஒரு எஸ்டேட்காரர் வெயிட்டரிடம் சொல்லியனுப்பினார். இன்ன கிளப் பாட்டு வேண்டும், சின்னப் பெண் பாட வேண்டும் என்று. சின்னப் பெண் என்றால் என் தங்கை. மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி என் நாற்காலியைப் பார்த்தார். வெயிட்டரிடம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ட்ரம்ஸ்காரர் மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மா பாடும்போது நான் என் தங்கையைப் பார்த்தேன். பின் வரிசையில் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி வரைக்கும், அந்த மூச்சு வாங்குகிற இடம்கூட விடாமல், சத்தம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வருகிற இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு என் பக்கம் ஒரு முறை பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

அது நடந்து கொஞ்ச நாளில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒத்திகை அவர் வீட்டு மாடியில் நடக்கும். நான் கீழே ஒரு கடை வாசலில் நிற்பேன். அவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீங்க கீழ நிக்கறப்ப புள்ளைய அந்தப் பாட்டப் பாடச் சொல்லிக் கேட்டனுங்க. அப்படி ஒரு குரலு எங்கயும் கேட்டதில்ல. ஒரே ஒரு நாளைக்கு, அந்தப் பாட்டு முடியற வரைக்கும், நீங்க வெளிய இருந்துபோட்டு வாங்களேன்."

நான் முடியாது என்றேன். அப்பா என்னை நம்பித்தான் அனுப்புகிறார், நான் இல்லாத நேரத்தில் அவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் வீட்டில் என்ன பதில் சொல்வேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்கு ஏறிப் போனார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வயதில், அந்த ஊரில், வேறு பதில் என்னிடம் இருந்திருக்காது. கிளப் பாட்டுப் பாடுகிற பெண் என்று பேர் வந்துவிட்டால் பிறகு எந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவார்கள்? இது என் மூளையில் முளைத்த பயம் இல்லை. ஊரே அப்படித்தான் இருந்தது.

பெண் கேட்டு வந்தார்கள். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பொருட்காட்சியில் அவள் பாடியதைக் கேட்டவராம். தாலாட்டு ஒன்று பாடியிருக்கிறாள், அதிலேயே மனுஷன் விழுந்துவிட்டார். பாட்டுக் கேட்டுப் பெண் எடுக்கிறவர்கள் பாட விடுவார்கள் என்று நான் நம்பினேன். பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப மரியாதையாக, அதெல்லாம் ஊட்டோட பாடிக்கட்டுங்க என்றார். எங்கள் அப்பா தலையாட்டினார். என் தங்கை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.  கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஸ்டேஷன் எதிர் ஓட்டலில் கடைசியாகப் பாடினாள். அன்றைக்கும் நான் நாற்காலியில் இருந்தேன். அன்றைக்கும் தாலாட்டுத்தான்.

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான மனுஷர். அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் ரேடியோ பாடியதே தவிர அவள் பாடி நான் கேட்டதில்லை. நோம்பி, பண்டிகைக்குப் போனால் அடுக்களையில் நின்றுகொண்டிருப்பாள். ஏதாவது பாடு கண்ணு என்றால், அட, எல்லாம் மறந்து போச்சுங்ணா என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு எனக்குச் சாயங்காலம் திரும்பக் கிடைத்தது. வாலிபால் ஆடுகிற வயது போயிருந்தது. பாட்டு நடந்த இடங்களும் ஒவ்வொன்றாக மூடின. வீட்டுக்கு வீடு டிவி வந்தது. மில்கள் படுத்தன, மன்றங்களில் கேரம் போர்டைக்கூட யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் கலவரமும் குண்டுவெடிப்புமாகப் போன அந்த வருஷத்துக்குப் பிறகு ஆறு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டார்கள். சாயங்காலம் குடும்பத்தோடு வெளியே போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது என்கிற பழக்கமே ஊரை விட்டுப் போய்விட்டது. மாஸ்டர் அதற்கு அப்புறம் அக்கார்டியனைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. கோட்டைமேட்டுக்காரரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடக் கொஞ்ச காலம் பலரும் யோசித்தார்கள், அது அவருக்குத் தெரிந்துவிட்டது.  பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பாப்பா பாடறாளா என்று கேட்பார். இல்லை என்பேன். வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

மச்சான் தவறியதும், என் தங்கை மகளோடு இருப்பதற்காகச் சரவணம்பட்டிக்கு வந்தாள். மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெரிய அடுக்குமாடி, பதினாலாம் மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் மலை தெரியும். என் தங்கை அந்த மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசுவதே இல்லை மாமா என்று பிள்ளை போனில் அழுதது. அப்புறம் அதுவாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. சாயிபாபா காலனியில் ஒரு பேக்கரிக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரோக்கி பாடுகிறவர்கள் கூடுகிறார்களாம். பாட்டின் இசை மட்டும் ஸ்பீக்கரில் வரும், பாட்டை நாம் பாட வேண்டும். ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர்கள், டீச்சர்கள், ஒரு பல் டாக்டர். அங்கே இவளைச் சேர்த்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய்வர நான் இருக்கிறேனே, அது பிரச்சினையா?

மறுபடி எனக்கு உத்தியோகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். காரை எடுத்துக்கொண்டு போய் அவளை ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே ஊரைச் சுற்றிக்கொண்டு போவோம். ஸ்டேஷன் எதிரே அந்த மாடி இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. ரேஸ்கோர்ஸ் ஓட்டலை இடித்துத் தரைக்குக் கீழே கார் நிறுத்துகிறார்கள். வெல்வெட் திரை தொங்கிய இடத்தில் யாரோ ஒருத்தனுடைய கார் நிற்கும் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மில் மன்றம் இருந்த இடம் அடுக்குமாடி, வாசலில் செக்யூரிட்டி உள்ளேயே விட மாட்டேன் என்கிறான். நான் ஒவ்வொரு இடத்திலும் காரை மெதுவாக்கி, இங்கதான் கண்ணு நீ அந்தப் பாட்டுப் பாடின என்பேன். ஆமாங்ணா என்பாள். என்னைப் போல அவள் பெருமூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கரோக்கி நடக்கிற மாடியில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. நான் ஒன்றைத் தூக்கிப் போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அவளுக்குத் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டேன். மடியில் அவளுடைய பையும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும். பல் டாக்டர் என்னிடம், நீங்களும் ஒரு பாட்டு எடுத்துவிடுங்க சார் என்றார். நான் துணைக்கு வந்திருக்கேனுங்க என்றேன். அவர் சிரித்துவிட்டார். தங்கை பாடினாள். முதல் வாரம் குரல் எழும்பவில்லை. இரண்டாவது வாரம் வந்தது. சோகப் பாட்டு, பக்திப் பாட்டு, பிறகு அதே தாலாட்டு. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய நாள் திரும்பிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் திரும்பும்போது கவுண்டம்பாளையத்துக்குக் கிட்ட சிக்னலில் நின்றோம். அவள் கையிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்."

"சொல்லு கண்ணு."

"வாற ஞாயித்துக்கெழம நீங்க மேல வர வேண்டாங்ணா. கீழயே விட்டுட்டுப் போயிருங்க."

யாராவது ஏதாவது சொன்னார்களா, அந்தப் பல் டாக்டர் சிரித்தாரே, அதனாலா என்று கேட்டேன்.

"ஆரும் ஒண்ணும் சொல்லலீங்ணா. நாந்தான் சொல்றன். நீங்க அங்க உக்காந்திருந்தா உங்க தங்கச்சியாத்தான் என்னால பாட முடியுது. அந்தப் பாட்டு வரமாட்டீங்குது. அது எதுன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு மாஸ்டர் உங்ககிட்டக் கேட்டாரில்லீங்களா, நாந்தான் கேக்கச் சொன்னன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். சரவணம்பட்டி வரைக்கும் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.  இறங்கும்போது எப்போதும் போல, பாத்துப் போங்ணா என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவளுக்காக வாலிபாலை விட்டேன், பனியிலும் கொசுவிலும் கிடந்தேன், குடிகாரர்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் நான்தான் தடையாக இருந்தேனாம். வீட்டில் என் மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன். அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறுவது வயசுப் பொம்பளைக்குத் தொணைக்குப் போற ஆள இப்பத்தானுங்க பாக்கறன். உக்காந்தே பழகிப் போட்டீங்க, எந்திரிக்கத் தெரியல" என்றாள். நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. என் தங்கை என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. அவள் ஒன்று கேட்டாள், அவ்வளவுதான். வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். முதல் தடவை மாஸ்டரை விட்டுக் கேட்டாள், இந்தத் தடவை அவளே கேட்டாள். பாட மேடை இருந்த காலத்தில் நான் எழுந்திருக்கவில்லை. மேடையெல்லாம் போன பிறகு, பேக்கரி மாடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றாவது அதைப் பாடிவிட வேண்டும் என்று அவளுக்கு இருக்கிறது. இதற்கு மேல் அவளுக்கு எத்தனை வருஷம் குரல் இருக்கும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்குப் போனேன். அவள் மாதுளம்பழக் கலரில் ஒரு பட்டுப் புடவை கட்டியிருந்தாள். மச்சான் போன பிறகு அந்த மாதிரிக் கலரில் அவளை நான் பார்த்ததில்லை. ஊரைச் சுற்றவில்லை, நேராகப் போனோம். பேக்கரி வாசலில் நிறுத்தி, பையையும் பிளாஸ்க்கையும் அவள் கையில் கொடுத்தேன். முடிந்ததும் போன் செய், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். சரிங்ணா என்றாள். முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

வீட்டுக்குத்தான் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் போயும்விட்டேன். மனசு கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி, பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பேக்கரி முன்னால் நின்று ஒரு தேங்காய் பன் சொன்னேன். பசி இல்லை, நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. மேலே ஏசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு மேனேஜர் பாடினார். ஒரு டீச்சரம்மா பாடினார்கள். கை தட்டினார்கள். பிறகு அந்தப் பாட்டின் ஆரம்ப ட்ரம்ஸ் கேட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அது எந்தப் பாட்டு என்று உடம்புக்கே தெரிந்தது.

அவள் ஆரம்பித்தாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் தடுக்கியது. இரண்டாம் வரியில் பிடித்துக்கொண்டாள். மூச்சு முன்னே மாதிரி இல்லை, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்ட முடியவில்லை, ஆனால் அந்த இழுப்பும் குறும்பும் எங்கேயிருந்து வந்தது? எங்கள் வீட்டில் பிறந்த குரல்தானா அது? ரோட்டில் பஸ் போனது, ஆட்டோ போனது, எதுவும் அதை மறைக்கவில்லை. பன் வாங்க நின்ற ஒரு பையனும் பெண்ணும் மேலே பார்த்தார்கள். நடுவில் அந்த இடம் வந்தது. சிரித்தாள். பாட்டுக்காகச் சிரித்த மாதிரி இல்லை. தொண்டையிலிருந்து, அடக்கமே இல்லாமல், யாரையும் பார்க்காமல் சிரித்தாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னை வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மேலே ஒரே ஆர்ப்பாட்டம். மேஜை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். பேக்கரிக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, பாடினது ஆருங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.